பக்கவாதப் பயிற்சிக்கு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டார்களா? முதலில் இதையெல்லாம் பாருங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம், அவருடைய பயிற்சிக் குறிப்பில் இரண்டே சொல் எழுதியிருந்தது: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’ நானும் அதை அப்படியே நம்பினேன். வீட்டில் எல்லாரும் மாறி மாறிக் கெஞ்சினோம், கோபப்பட்டோம், பேரனைக் கொண்டுவந்து நிறுத்திச் சொல்லவைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஐந்து வாரம் இப்படியே போனது. மூளை வேகமாக மீண்டு வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது அதில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது.

அப்புறம் வேறொரு தெரபிஸ்ட் வந்தார். முதல் நாள் அந்த அம்மா செய்தது இவ்வளவுதான். டிவியை நிறுத்தச் சொன்னார். சுற்றி நின்ற எங்களில் இரண்டு பேரை வெளியே அனுப்பினார். அப்பாவின் வலப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் பார்வை தன் மேல் வரும்வரை காத்திருந்து, இடது கையைத் தொட்டுக் காட்டி, “ஐயா, இந்தக் கையைத் தூக்குங்க” என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு வாயே திறக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு எண்ணும்போது விரல்கள் அசைந்தன, அப்புறம் முழங்கை மேசையை விட்டு மெல்ல எழும்பியது. அத்தனை நாளும் நாங்கள் இரண்டு நொடிக்கு ஒருமுறை “தூக்குங்கப்பா, தூக்குங்க” என்று சொல்லி, அவர் முதல் சொல்லைப் பிடித்து முடிப்பதற்குள் அடுத்ததை அவர் மேல் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து, பரிசோதனை முடிவெல்லாம் உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நாங்கள் இழந்த ஐந்து வாரத்தை நீங்கள் இழக்க வேண்டியதில்லை.

1. ‘ஒத்துழைக்கவில்லை’ என்றால் எது என்று கேளுங்கள்

பயிற்சியில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே இருக்கும் காரணம் வேறு வேறு. சொன்னது காதில் விழுந்தும் மூளை அதைப் பிடிக்க நேரமாகலாம். புரிந்தும் தொடங்கத் தெரியாமல் இருக்கலாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லாமல் போகலாம். மனச்சோர்வாக இருக்கலாம். சோர்வே இல்லாமல் எதிலும் அக்கறை வராத நிலையாகவும் இருக்கலாம். தோள் வலியாக இருக்கலாம், விழுந்துவிடுவோமோ என்ற பயமாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவதொரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. கடுமையான களைப்பு கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உண்டு. ஆகவே உங்கள் வீட்டில் நடப்பது அபூர்வம் இல்லை, பிடிவாதமும் இல்லை.

காரணம் மாறினால் செய்ய வேண்டியதும் மாறும். மனச்சோர்வு உள்ளவருக்கு உதவும் மாத்திரை, கவனம் சிதறுகிறவருக்கு உதவாது. கவனம் சிதறுகிறவருக்கு டிவியை நிறுத்துவதே பாதி மருந்து. அதனால் தெரபிஸ்டிடம் முதலில் இதைக் கேளுங்கள்: “எந்த நேரத்தில், எந்தப் பயிற்சியில், எத்தனையாவது நிமிடத்தில் நின்றுபோகிறார்?” இதற்குத் தெளிவான பதில் வந்தால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். வரவில்லை என்றால் நீங்களே இரண்டு செஷன் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

2. ஒரே கோப்பில் காகிதங்களைச் சேருங்கள்

இதை முதல் வாரமே செய்யுங்கள். நாங்கள் ஆறு மாதம் கழித்துத் தேடி அலைந்தோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், ஸ்கேன் ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் நேரத்தோடு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவுகள், பயிற்சிக் குறிப்புகளின் நகல். இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து மூளையின் எந்தப் பக்கம், எந்தப் பகுதி என்பதை மட்டும் ஒரு வரியாக மேலே எழுதி ஒட்டுங்கள். வலப் பக்க மூளை பாதித்தால் இடது பக்கத்தைக் கவனிக்காமல் போவதும், தனக்கு ஒன்றுமில்லை என்று நம்புவதும் அதிகம். பெரும்பாலானோருக்குப் பேச்சு இடப் பக்க மூளையில் இருப்பதால் அங்கே அடிபட்டால் பேச்சு பாதிக்கும். புதிதாக வரும் தெரபிஸ்டுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

யாரும் கேட்காத, ஆனால் மிக முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. நோய்க்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். எத்தனாவது வரை படித்தார், என்ன வேலை, எந்தக் கையால் எழுதுவார், கண்ணாடி போடுவாரா, காது எப்படி, மறதி முன்பே இருந்ததா, முன்பு எப்போதாவது மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தாரா, தூங்கும்போது குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருமா, எதைச் செய்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. அப்பா பழைய ரேடியோக்களைப் பிரித்துச் சேர்ப்பவர். இதை எழுதிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு விரல் பயிற்சிக்கு மரக்கட்டைக்குப் பதிலாகத் திருகாணியும் சின்ன நட்டும் கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல் குறிப்பில் தனியாக நின்றால், காப்பீடோ பயிற்சி நாட்களை முடிவு செய்கிறவர்களோ அதைப் பார்த்து ‘இவருக்குப் பயிற்சி பயன்படாது’ என்று நாட்களைக் குறைக்க இடம் உண்டு. எங்களுக்கு அப்படித்தான் குறைத்தார்கள். அந்தச் சொல்லை எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்: ‘களைப்பால் 20 நிமிடம் மட்டுமே முடிந்தது’, ‘இடப் பக்கத்திலிருந்து சொன்ன கட்டளையைக் கவனிக்கவில்லை’ என்று. மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானோர் எழுதுவார்கள்.

3. மனசைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள்

நேற்று வரை நன்றாகச் செய்தவர் இன்று மந்தமாகக் கிடக்கிறார் என்றால் அது மனநிலை என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை ஏறி இறங்குவது, வலிப்பு, மறுபடியும் பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். திடீர்க் குழப்பம், தூக்கக் கலக்கம், முகம் கோணுவது, பேச்சு குழறுவது என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரி.

மெல்ல மெல்ல மந்தமானால் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: ரத்தசோகை, தைராய்டு, பி12 பார்க்கலாமா? தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா? பக்கவாதம் வந்தவர்களில் இது மிக அதிகம், பகல் முழுக்கத் தூங்கி வழிய இதுவே போதும். மருந்துப் பட்டியலையும் நீட்டுங்கள். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் தூக்கம் வரவைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெட்டிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் கொண்டுவரும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சாப்பிடும் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டாலே சில சமயம் தீர்ந்துவிடும்.

தோள் வலி பற்றித் தனியாகக் கேளுங்கள். பலவீனமான பக்கத்துத் தோள் வலிப்பது மிகச் சாதாரணம், பலர் அதை வாய் திறந்து சொல்வதில்லை, பயிற்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கண்ணாடியும் காது மிஷினும் பயிற்சி அறைக்கு வருகின்றனவா என்றும் பாருங்கள். அப்பாவின் கண்ணாடி முதல் நாள் ஆஸ்பத்திரிப் பையிலேயே பதினெட்டு நாள் கிடந்தது.

4. சிந்தனைத் திறன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்

நடக்கிறாரா, கை அசைகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். கவனம், நினைவு, திட்டமிடுதல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நீங்கள் கேட்கவில்லை என்றால் விட்டுப்போகலாம். பரவலாகப் பயன்படுவது மோகா என்ற சோதனை. பத்து நிமிடம் ஆகும், மொத்தம் 30 மதிப்பெண், 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டு ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள்.

நோய் வந்த முதல் சில நாள், அரைத் தூக்கத்தில் இருக்கும்போது எடுத்த மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நிலைமை கொஞ்சம் தெளிந்த பிறகு ஒருமுறை, மூன்று மாதம் வாக்கில் இன்னொரு முறை கேளுங்கள். காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், கண்ணாடியோடு, அவருக்குப் பழகிய மொழியில் செய்யச் சொல்லுங்கள். எழுதும் கை பாதித்திருந்தால் கடிகாரம் வரைவது போன்றவற்றில் மதிப்பெண் குறையும், அது சிந்தனைக் குறைவு ஆகாது. பேச்சு பாதித்தவருக்கும் அப்படித்தான். சொல் வராததால் தவறிய கேள்வியை மறதி என்று எழுதிவிடக் கூடாது, அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் உடன் இருந்து சோதிப்பது நல்லது.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், விடைத்தாளின் நகலைக் கேளுங்கள். அப்பாவுக்கு 19. ஆனால் அந்தப் பத்தொன்பதை வைத்து எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விடைத்தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மொழியில் முழு மதிப்பெண், கவனத்திலும் திட்டமிடுதலிலும் ஏறக்குறைய எல்லாம் போயிருந்தது. அவர் வரைந்த கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வலது பாதியில் நெருக்கியடித்து நின்றன, இடது பாதி வெறுமை. அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அவருடைய இடப் பக்கத்தில் நின்றுதான் அத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் நீங்களே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: தட்டில் ஒரு பாதியை மட்டும் சாப்பிடுவது, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்துகொள்வது, ஒரு பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்வது. இவை பார்வைக் குறைவாகவும் இருக்கலாம், கவனக் குறைவாகவும் இருக்கலாம், எது என்று மருத்துவர் சோதித்துச் சொல்வார். “எனக்கு ஒன்றுமில்லை, கை நல்லாத்தான் இருக்கு” என்று உறுதியாகச் சொல்வதும் நோயின் ஒரு பகுதியே. வாதம் செய்யாதீர்கள். ஒரு வேலையைத் தொடங்கும் முன் “இதுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?” என்று கேட்டு, முடிந்ததும் ஆன நேரத்தைக் காட்டுங்கள். அவராகக் கண்டுபிடிப்பதுதான் நிற்கும். இப்படிப்பட்டவர்கள் தனியாக எழுந்து விழுவது அதிகம் என்பதால் கட்டிலருகே ஆள் இருக்க வேண்டும்.

5. மனநிலையைச் சோதிக்கும்போது மூன்றைப் பிரித்துப் பாருங்கள்

மனச்சோர்வு, அக்கறையின்மை, காரணமில்லாத அழுகை. மூன்றையும் நாங்கள் ‘மனசு சரியில்லை’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தோம்.

மனச்சோர்வைச் சோதிக்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளுக்குப் பக்கவாதமே காரணமாக இருக்கலாம் என்பதால் மதிப்பெண் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ என்ற சாயல் வந்தாலும், “நான் போய்ச் சேர்ந்தா உங்களுக்கு நிம்மதி” என்று அவர் சொன்னாலும், சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள், மருந்துப் பெட்டியைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

பேச முடியாதவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு, பார்த்துக்கொள்கிறவர் நிரப்பும் எஸ்.ஏ.டி.க்யூ-10 போன்ற படிவங்கள் உண்டு. அடிக்கடி அழுகிறாரா, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாரா என்பது போன்ற கேள்விகள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கறையின்மை வேறு. கவலையாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார், உண்மையிலேயே இருக்காது. ஆனால் தானாக எதையும் தொடங்கமாட்டார், நீங்கள் கையைப் பிடித்துத் தொடங்கிவிட்டால் செய்வார். இவரிடம் “பயிற்சி பண்ணலாமா?” என்று கேட்காதீர்கள், “வேண்டாம்” என்றுதான் வரும். “முதல்ல காலா, கையா?” என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். தினம் ஒரே நேரம், ஒரே நாற்காலி, ஒரே அலாரம். உள்ளிருந்து வர வேண்டிய தொடக்கத்தை வெளியிலிருந்து நீங்கள் கொடுக்கிறீர்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நம்பி இதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, பேரன் பெயரைச் சொன்னாலே விம்மி விம்மி அழுது, ஒரே நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரி ஆகிவிடுவது. சிலருக்கு இது சிரிப்பாக வரும். உணர்ச்சியை அடக்கும் மூளைப் பாதை பாதிப்பதால் வருவது, உள்ளே அவ்வளவு துக்கம் இருக்க வேண்டும் என்றில்லை. அழும்போது எல்லாரும் சூழ்ந்துகொண்டு சமாதானம் சொன்னால் அது நீளும். ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு, பேச்சை மாற்றி, பயிற்சியைத் தொடருங்கள். அடிக்கடி வந்து பயிற்சியைக் கெடுத்தால் இதற்கும் மருந்து உண்டு.

சோதனைகளுக்கெல்லாம் அப்பால், அவர் தலைக்குள் என்ன நம்பிக்கை ஓடுகிறது என்று ஒருநாள் நிதானமாகக் கேளுங்கள். நாங்கள் மிகத் தாமதமாகக் கேட்டோம். அப்பா சொன்னது: “முக்கித் தூக்கினா திரும்பவும் நரம்பு வெடிக்கும்.” இரண்டு மாதம் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் கண்ணை மூடியிருக்கிறார். நாங்கள் சொல்லி அவர் நம்பவில்லை. நரம்பியல் மருத்துவரே அவர் கையைப் பிடித்து, ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இந்த அளவு பயிற்சி பாதுகாப்பானது, செய்யலாம் என்று சொன்ன பிறகுதான் தோளின் இறுக்கம் தளர்ந்தது. ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழும் பயம், மற்றவர் முன்னால் எச்சில் வடிகிறதே என்ற கூச்சம், பழைய கை வராவிட்டால் எதற்கு இதெல்லாம் என்ற எண்ணம், இவையும் பயிற்சியை நிறுத்திவைக்கும்.

6. மாத்திரை தொடங்கினால் எத்தனை நாளில் பலன் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய மறுநாளே மாற்றத்தைத் தேடி, பத்தாம் நாள் ‘வேலை செய்யல’ என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு முதல் நான்கு வாரத்தில் லேசாகத் தெரியும், முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகும். முதல் இரண்டு வாரம் குமட்டல், தூக்கக் கோளாறு வரலாம். வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கும், அதனால் எப்போது ரத்தம் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் ரத்தக்கசிவு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பேச்சு வழி ஆலோசனையும் உதவும், ஆனால் நினைவு குறைந்தவருக்கு அது சின்னச் சின்ன அமர்வாக, எழுதிக் கொடுத்து நடக்க வேண்டும்.

இன்னொரு பொறி. ஃப்ளூஆக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்தால் கை கால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்வார்கள். 2011-ல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது உண்மை. ஆனால் 2018-ல் பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தபோது ஆறு மாதத்தில் இயங்கும் திறனில் வித்தியாசம் இல்லை. புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வு இருந்தால் அதற்காகச் சாப்பிடட்டும், கை வருவதற்காக என்று கேட்டு வாங்காதீர்கள்.

7. பயிற்சி நேரத்தை அவர் மூளைக்கு ஏற்ப அடுக்குங்கள்

எங்களுக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான், செலவும் இல்லை.

குளிப்பாட்டி முடித்த கையோடு பயிற்சி வைத்திருந்தோம். பக்கவாதம் வந்தவருக்குக் குளியலே ஒரு முழுப் பயிற்சி. குளியலை மாலைக்கு மாற்றி, பயிற்சியைக் காலை ஒன்பதரைக்கு வைத்ததும் பத்து நிமிடத்தில் நின்றவர் இருபத்தைந்து நிமிடம் போனார். 45 நிமிட செஷனை மூன்று பதினைந்தாகப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில் ஓய்வு என்றால் டிவி இல்லை, போன் இல்லை, கண்ணை மூடிச் சாய்ந்திருப்பது.

ஒரு நேரத்தில் ஒரே ஆள் பேச வேண்டும், ஒரே கட்டளை. சொல்லிவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். பத்துக்குள் வரவில்லை என்றால் அதே சொற்களில் இன்னொரு முறை, வேறு சொற்களில் மாற்றிச் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நினைவு குறைந்தவரைத் தப்பாகச் செய்யவிட்டுத் திருத்தாதீர்கள், அந்தத் தப்பே மனசில் பதிந்துவிடும். சரியான அசைவை முதலிலேயே கை பிடித்துக் காட்டுங்கள். படிகளைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அவர் கவனம் போகும் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரு பக்கக் கவனக் குறைவு இருந்தால் முக்கியமான கட்டளையை நல்ல பக்கத்திலிருந்து தொடங்கி, மற்றப் பக்கம் தேடிப் பார்ப்பதைத் தனிப் பயிற்சியாக தெரபிஸ்ட் சொன்னபடி செய்யுங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். பிரிட்டனின் 2023 வழிகாட்டுதல், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்வதற்கான பயிற்சி), பேச்சுப் பயிற்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது என்கிறது. அது முடியாதவருக்கும் வாரம் ஐந்து நாள் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. ‘அவரால் முடியவில்லை’ என்றால் நேரத்தைக் குறைக்கலாம், நாட்களை வெட்டக் கூடாது என்று கேட்பதற்கு இது உங்களுக்கு உதவும். அதற்காக நோய் வந்த முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்க வையுங்கள் என்று நச்சரிக்காதீர்கள். 2015-ல் வெளிவந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஆய்வில் அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு அதிகம் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் பலன் குறைவாகவே இருந்தது.

8. இலக்கை அவர் வாயால் சொல்லவிடுங்கள்

‘தோள் மூட்டு 90 பாகை’ என்பது தெரபிஸ்டின் இலக்கு. அப்பாவின் இலக்கு, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது. அதை நான்காக உடைத்தோம்: பொத்தானைப் பிடிப்பது, துளையைத் தேடுவது, நுழைப்பது, இழுப்பது. நான்கில் கடைசியை முதலில் கொடுத்தோம், நாங்கள் மூன்றைச் செய்ய, இழுப்பது மட்டும் அவர். முதல் நாளே ‘முடித்தேன்’ என்ற உணர்வு அவருக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் எட்டக்கூடிய ஒன்றை மட்டும் இலக்காக வையுங்கள். ‘நீங்க முன்னாடி மாதிரி ஆகணும்ப்பா’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

9. நோட்டில் எழுதுங்கள்

தெரபிஸ்டுகள் ஒவ்வொரு செஷனிலும் நோயாளி எவ்வளவு ஈடுபட்டார் என்று 1 முதல் 6 வரை மதிப்பிடும் ஓர் அளவுகோல் இருக்கிறது, பிட்ஸ்பர்க் ரீஹாபிலிடேஷன் பார்ட்டிசிபேஷன் ஸ்கேல் என்று பெயர். ஒன்று என்றால் மறுத்துவிட்டார், ஆறு என்றால் தானாக ஆர்வம் காட்டி முழுதும் செய்தார். உங்கள் தெரபிஸ்டிடம் அந்த எண்ணை மட்டும் கேட்டு தினம் எழுதுங்கள். பக்கத்திலேயே தூங்கிய மணி, வலி, மருந்து மாற்றம், அன்று யார் வந்து போனார்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்கே ஒரு போக்கு தெரியும். எங்களுக்குத் தெரிந்தது, உறவினர் கூட்டமாக வந்து போன மறுநாள் எப்போதும் இரண்டு. வருகையைப் பயிற்சி இல்லாத நாளுக்கு மாற்றினோம்.

மருத்துவரைப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் “அப்பா சரியா பண்றதில்ல” என்று சொல்வதைவிட இந்த நோட்டைத் திறந்து வைப்பது எவ்வளவோ மேல்.

10. பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்

மொத்தமாக மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். காரணம் தெரியும் முன் கட்டாதீர்கள். இரண்டு வாரம், இரண்டு வாரமாகக் கட்டுங்கள். களைப்பால் 15 நிமிடத்தில் நின்றுபோனால் முழுக் கட்டணமா, மீதியை மாலையில் தருவார்களா? வர முடியாத நாளுக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்? சிந்தனைச் சோதனை, மனநல ஆலோசனை இரண்டும் கட்டணத்தில் சேர்ந்தவையா, தனியா? காப்பீடு இருந்தால் முன் அனுமதி எந்தக் காகிதத்தின் பேரில் தருகிறார்கள், நாட்களை நீட்டிக்க எத்தனை நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மோகா விடைத்தாளும் உங்கள் நோட்டின் நகலும் நீட்டிப்பு விண்ணப்பத்தோடு போகட்டும். எங்களுக்கு வெட்டிய நாட்களில் பாதி அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

விலை உயர்ந்த கை உறைக் கருவி, மின்சாரக் கருவி எல்லாம் கண்ணில் படும். பத்து நிமிடம் உட்காராதவர் கருவி வந்தால் மட்டும் உட்காரப் போவதில்லை. தெரபிஸ்ட் பரிந்துரைத்து, அங்கேயே சில நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகு வாங்கலாம். ஒரு டைமர், ஒரு நோட்டு, ஒரு வெள்ளைப் பலகை, முதல் மாதத்துக்கு எங்களுக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

11. மறுபடி சோதிக்கும் தேதிகளை இப்போதே குறியுங்கள்

மனச்சோர்வு முதல் மாதத்தில் இல்லையென்றால் இனி வராது என்று இல்லை. வீட்டுக்கு வந்து சில வாரம் ஆனபின் பலருக்கு மோசமான காலம், பார்க்க வருகிறவர்கள் குறைந்து, இனி இதுதானா என்று தோன்றும் நேரம் அது. வீடு திரும்பும் முன், ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், ஓர் ஆண்டில் என்று நாள்காட்டியில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் நின்றுவிடும் என்று யார் சொன்னாலும் பயிற்சியை நிறுத்தாதீர்கள், வேகம் குறையும், நிற்பதில்லை.

அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறவர் பெயரையும் எழுதுங்கள். மனச்சோர்வுக்கான அதே ஒன்பது கேள்விகளை அவரும் நிரப்பட்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மதிப்பெண் பதினான்கிலிருந்து ஏழுக்கு இறங்கிய மாதம், அம்மாவுக்குப் பதினொன்று இருந்தது. அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.